மாத்திரையை வெட்டிய ஏழு வாரங்கள்

அந்த மாத்திரை கைக்கு வந்ததும் நான் முதலில் செய்த வேலை, அதற்கு ஒரு காஸ்டிங் ஷீட் போட்டது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர் ஒரு டி-ஷர்ட் கேட்டால், நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பிரிண்ட், லேபிள், பேக்கிங் என்று அதைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு, ஒரு பீஸ் இவ்வளவு ஆகும் என்று சொல்வது என் வேலையின் ஒரு பாதி. ஆர்டர் வந்த பிறகு இவையெல்லாம் அந்தந்த நாளில் நடக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருப்பது மறுபாதி. முதல் பாதி எனக்கு எப்போதும் எளிதாக இருந்தது. மாத்திரை இரண்டாம் பாதிக்காக.

எனக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனச்சிதறல் குறைபாடு இருக்கிறது என்று கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவர் சொன்னபோது எனக்கு இருபத்தாறு வயது. அவரைப் பார்க்கப் போகும்போது பத்தொன்பது வரிகள் கொண்ட பட்டியல் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். ஒரே வருடத்தில் தொலைத்த சாவிகள், பதில் எழுதாமல் விட்ட மெயில்கள், ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் உள்ளே போகாதது, யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் இருக்கும் ஃபேனின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது. மருத்துவர் முழுவதையும் படித்துவிட்டு, இந்தப் பட்டியலைத் தயாரிக்க எத்தனை நாள் ஆனது என்று கேட்டார். இரண்டரை வாரம், மூன்று முறை திருத்தி எழுதினேன் என்றேன். அந்தப் பதிலையும் அவர் குறித்துக்கொண்டார். பட்டியல் போடுவது என் குணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது நான் இத்தனை வருடங்களாக ஊன்றி நடந்த கம்பு என்று அவர் சொன்னார்.

காலையில் ஒரு மாத்திரை. மெதுவாகக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்யும் வகை. அது செய்ததைப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பையர் அனுப்பிய நாற்பது பக்க விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நாளில் படித்தேன், அவ்வளவுதான். பக்கத்து மேசையில் போன் அடித்தது, யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள், நான் படித்துக்கொண்டே இருந்தேன்.

விலைதான் சிக்கல். மருத்துவர் எழுதியது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் மாத்திரை. இந்த வகையை எல்லா மருந்துக்கடையிலும் வைப்பதில்லை. அதற்குத் தனி உரிமம் வேண்டும், தனிப் பதிவேடு வேண்டும். மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுதித் தர வேண்டும், ஒன்று கடையிலேயே தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு மாதமும் கோயம்புத்தூர். என் ஷீட்டில் நான்கு வரிகள் இருந்தன: மாத்திரை, மருத்துவர் கட்டணம், பேருந்து, அரை நாள் சம்பளம். கூட்டினால், படிப்புக் கடனின் தவணை போக மிஞ்சும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்த முடியாது. சாமளாபுரத்தில் அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார், தறிக்குப் பாவு நூல் வராத மாதங்களில் வீடு என் சம்பளத்தில்தான் நடக்கும்.

அம்மாவிடம் மட்டும் மாத்திரையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மறதிக்கெல்லாமா மாத்தர இருக்குது? நானுந்தான் அடுப்புல பால வெச்சுப்போட்டு மறந்துபோறன். எனக்கும் ரெண்டு வாங்கியா கண்ணு."

விலையைச் சொன்னேன். அட்டையை மேசையின் நடுவில், விளிம்பிலிருந்து தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான்காவது மாதம் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. ஒன்று, மாலையில் கவனம் சற்று மங்கிவிடுகிறது என்று நான் சொன்னதால் மருத்துவர் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார். இரண்டாவது, அலுவலகத்தில் ஒரு புதிய பையரை எனக்குத் தனியாகக் கொடுத்தார்கள். அதுவரை நான் இன்னொருவருக்கு உதவியாகத்தான் இருந்தேன். முதல் ஆர்டர் ஒழுங்காகக் கப்பல் ஏறினால் என்னை மெர்ச்சண்டைசராக உறுதி செய்வதாகச் சொன்னார்கள், சம்பளமும் உயரும். உயர்ந்தால் மாத்திரையைத் தொடரலாம். உயராவிட்டால் இன்னும் சில மாதங்களில் நிறுத்த வேண்டியிருக்கும். மாத்திரை இல்லாமல் ஒரு பையரைத் தனியாகப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது என்பது எனக்குத் தெரியும். அதற்கான சான்று பத்தொன்பது வரிகளாக மருத்துவரின் கோப்பில் இருந்தது.

ஆகவே செலவைக் குறைக்கும் வழிகளைப் பட்டியல் போட்டேன். மருத்துவரை மாற்றுவது: வேண்டாம். வேலைக்குப் போகும் நாளில் மட்டும் சாப்பிடுவது: எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை, மிச்சம் குறைவு. வேறு கம்பெனி மாத்திரை: இந்த வரிக்கு எதிரே "நாமினேட்டட்" என்று எழுதி அடித்துவிட்டேன்.

இந்தச் சொல்லை விளக்க வேண்டும். எங்கள் தொழிலில் சில சாமான்களை யாரிடம் வாங்க வேண்டும் என்று பையரே சொல்லிவிடுவார். இந்த ஜிப் இந்தக் கம்பெனியிடம், இந்த லேபிள் அந்தக் கம்பெனியிடம். அதற்குப் பெயர் நாமினேட்டட். பக்கத்துத் தெருவில் அதே ஜிப் பாதி விலைக்குக் கிடைத்தாலும் தொடக்கூடாது. புதிதாக வந்த பையரிடம், வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளட்டுமா என்று முதல் ஆர்டரிலேயே கேட்பவரை, கையில் காசில்லாத கம்பெனி என்று நினைத்துவிடுவார்கள். மருத்துவர் சீட்டில் ஒரு பெயரை எழுதியிருந்தார். அது பொருளின் பெயரல்ல, கம்பெனி வைத்த பெயர் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரே லாட் துணியில், ஒரே லைனில் தைத்த டி-ஷர்ட்கள் கழுத்து லேபிளை மட்டும் மாற்றிக்கொண்டு இரண்டு விலைக்குப் போவதைப் பார்க்கிற ஊரில் வேலை செய்கிறேன். ஆனாலும் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அப்ரூவல் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

சப்ளையரை மாற்ற முடியாதபோது திருப்பூர் என்ன செய்யுமோ அதையே செய்தேன். கன்சம்ப்ஷனை, அதாவது ஒரு பீஸுக்குச் செலவாகும் அளவை, குறைத்தேன்.

புதிய சீட்டுக்கு மாத்திரை வாங்கியபோது ஒன்றைக் கவனித்திருந்தேன். அளவு இரண்டு மடங்கு, விலை இரண்டு மடங்கு இல்லை. சிறியதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பெரியதைச் சரிபாதியாக வெட்டினால் நான் மூன்று மாதம் நன்றாக இருந்த அந்தப் பழைய அளவு கிடைக்கும். ஒரு பெட்டி இரண்டு மாதம் வரும். கோயம்புத்தூர் பயணமும் மருத்துவர் கட்டணமும் பாதியாகும். ஷீட்டின் நான்கு வரிகளும் ஒரே வெட்டில் குறைந்தன. அகலமான துணியில் வெட்டுவதற்கு வரையும் மார்க்கரை நெருக்கிப் போட்டு இரண்டு பீஸ் கூடுதலாக எடுக்கும்போது வரும் திருப்தி எனக்கு வந்தது.

சாம்பிள் ரூமில் தையல் பிரிப்பதற்கு வைத்திருக்கும் மெல்லிய பிளேடு ஒன்றைப் புதிதாகப் பிரித்து எடுத்துக்கொண்டேன். மாத்திரை வழவழப்பாக, மேலே ஒரு பூச்சோடு இருந்தது. நடுவில் கோடு இல்லை. ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்து வெட்டினேன். பிறகு, சரிபாதிதானா என்ற சந்தேகத்தில், மதிய உணவு நேரத்தில் எங்கள் ஃபேப்ரிக் லேபுக்குப் போனேன். துணியின் எடையைப் பார்ப்பதற்குக் கண்ணாடிக் கூண்டு போட்ட ஒரு தராசு அங்கே இருக்கிறது. மூச்சு பட்டால் எண் மாறும். இரண்டு துண்டுகளையும் தனித்தனியே வைத்துப் பார்த்தேன். கடைசி இலக்கத்தில் மட்டும் வித்தியாசம். துணியில் நாங்கள் அனுமதிக்கும் வித்தியாசத்தைவிட அது எவ்வளவோ குறைவு. அந்த வாரம் முழுவதற்கும் வெட்டி, எடை பார்த்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்தேன்.

முதல் வாரம் காலை நேரம் பிரமாதமாக இருந்தது. வாய் உலர்ந்தது, நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தது, பதினோரு மணிக்குள் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் நின்றுபோனது. எதிரே மெயில் திறந்திருக்கும், எழுத்துகள் இருக்கும், நான் இருக்க மாட்டேன்.

அதற்கும் பட்டியல் போட்டேன். முதல் காரணம், மதியச் சோறு. ஒரு வாரம் சோற்றைக் குறைத்து இரண்டு சப்பாத்தி மட்டும் சாப்பிட்டேன். மாற்றமில்லை. இரண்டாவது, காபி. ஒரு வாரம் காபி இல்லை. தலைவலி மட்டும் வந்தது. மூன்றாவது, தூக்கம். நான்காவது, வெயில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று கல்லூரி லேபில் சொல்லிக் கொடுத்ததை ஒழுங்காகப் பின்பற்றினேன். வெட்டுவதை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. அதில் பணம் மிச்சமாகிக்கொண்டிருந்தது. தவிர, அதைத்தான் நான் தராசில் வைத்துச் சரிபார்த்தாகிவிட்டதே.

ஐந்தாவது வாரம் லேப் டிப்புக்குப் பதில் வந்தது. சாயம் போடுவதற்கு முன், ஒரே நிறத்தில் மூன்று சிறு துண்டுகளை ஏ, பி, சி என்று சற்றே வித்தியாசமாகச் சாயமேற்றி பையருக்கு அனுப்புவோம். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதை டையிங்குக்குச் சொன்னால் மொத்தத் துணியையும் அந்தச் சாயத்தில் போடுவார்கள். இந்த ஆர்டருக்கு ஆலிவ் பச்சை. மெயில் மாலை மூன்று மணிக்கு வந்தது. பி துண்டைப் பற்றி முதலில் மூன்று வரிகள் எழுதியிருந்தார்கள். பி நன்றாக இருக்கிறது, ஆனால் விளக்கு வெளிச்சத்தில் பழுப்பு அடிக்கிறது, எனவே வேண்டாம், சி-யைப் போடுங்கள் என்று. நான் முதல் வரியைப் படித்தேன். பி என்று டையிங்குக்கு அனுப்பினேன்.

அரை டன் துணி பழுப்படித்த பச்சையாக வந்து இறங்கியது. தரப் பிரிவில் ஒருவர் அதை பையர் ஒப்புக்கொண்ட துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடவில்லை, நேராக எங்கள் மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. தினமும் ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வருகிறவர். சத்தம் போட மாட்டார். எதிரே இருப்பவர் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் அது இன்னும் கூடும். அந்தத் துணியை வேறொரு ஆர்டருக்குக் கறுப்பு ஏற்றிக்கொள்ள அன்றே ஏற்பாடு செய்தார். புதிய துணிக்கு நூல் எடுக்கச் சொன்னார். பையரிடம் பேசி ஒரு வாரம் தவணை வாங்கினார், அதற்கு விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

எங்கள் கம்பெனியில் எந்தத் தவறு நடந்தாலும் அந்தப் படிவம் உண்டு. மூலகாரணம், சரிசெய்தது, இனி நடக்காமல் இருக்க வழி என்று மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் நான் "கவனக்குறைவு" என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இது நடந்தது ஏழாவது வாரத்தின் ஒரு காலை நேரம், அதனால் தெளிவாகவே இருந்தேன்.

மேலாளர் படித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஏனுங்க மேடம், கவனக்குறைவுங்கறது ஒரு காரணமுங்களா? காச்சலுக்குக் காரணம் ஒடம்பு சூடுன்னு எழுதற மாதிரி இருக்குது."

விரலால் அந்த முதல் கட்டத்தைத் தட்டினார்.

"மூணு மாசம் நல்லாத்தான இருந்தீங்க. ஒரு மெயில் விட்டதில்ல. அப்பறம் என்ன மாறுச்சு? ஆளா, மெசினா, மெட்டீரியலா?"

அது எல்லாத் தவறுக்கும் அவர் கேட்கிற கேள்வி. ஊசி உடைந்தாலும் கேட்பார், தையல் விட்டாலும் கேட்பார். ஆனால் என்னை நோக்கி அது வந்தபோது, நான் சோறு, காபி, தூக்கம், வெயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த வாரங்களில் இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது.

"மெட்டீரியலுங்க" என்றேன்.

பிறகு சொன்னேன். என்ன மாத்திரை, எதற்காக, என்ன விலை, எப்படிப் பாதியாக்கினேன் என்பதை வரிசையாகச் சொன்னேன். அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எதுல வெட்டுனீங்க?"

"சாம்பிள் ரூம் பிளேடுலைங்க."

"ரெண்டும் ஒரே அளவா வந்துச்சா?"

"லேப் தராசுல போட்டுப் பாத்தனுங்க. சரிபாதிங்க."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார்.

"தராசுல போட்டிருக்கீங்க. டாக்டருக்கு ஒரு போனப் போடல."

"இல்லீங்க."

"வேற கம்பெனி மாத்தர வருமான்னும் கேக்கல."

"பேர எழுதிக் குடுத்துட்டாங்க மேடம். நாமினேட்டட்னு விட்டுட்டனுங்க."

அப்போதுதான் சிரித்தார். வெளியே கேட்டுவிடாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நாமினேட்டட் ஜிப்பு வெல ஏறுனப்ப பையருக்கு எத்தன மெயில் போட்டீங்க?"

"பதினொண்ணுங்க."

"அதுல ஒண்ண டாக்டருக்குப் போட்டிருந்தா எனக்கு அர டன் துணி மிச்சம் கண்ணு."

படிவத்தில் மாத்திரையைப் பற்றி எழுத வேண்டாம் என்றார். அது தணிக்கைக்கு வருகிறவர்கள் வரை எல்லோரும் புரட்டுகிற கோப்பு. "மெயில் கடைசி வரை படிக்கப்படவில்லை" என்று எழுதச் சொன்னார். இனி நடக்காமல் இருக்க, நிற ஒப்புதலை இருவர் பார்த்த பிறகே டையிங்குக்கு அனுப்புவது. பணி உறுதி மூன்று மாதம் தள்ளிப்போயிருக்கிறது, அதில் அவர் செய்ய ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். பையரை என்னிடமிருந்து எடுக்கவில்லை. அதற்காக அவர் மேலிடத்தில் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை கோயம்புத்தூர் போனேன். மருத்துவர் முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு ஒரு தாளில் மாத்திரையைப் படமாக வரைந்தார். வெளிப்பூச்சில் கொஞ்சம் மருந்து, அது காலையில் கரையும். உள்ளே இருப்பது பூச்சுக்குள் அடைபட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாலை வரை வெளியே வரும். வெட்டினால் உள்ளே இருப்பதற்குத் தடுப்பு எதுவும் இல்லை. நாள் முழுவதற்குமானது காலையிலேயே கொட்டிவிடும். நெஞ்சு வேகமாக அடித்ததும் மதியம் எல்லாம் நின்றுபோனதும் அதனால்தான். இது ஆபத்தானதும்கூட, இனிமேல் எந்த மாத்திரையையும் கேட்காமல் வெட்டக்கூடாது என்றார்.

படத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரே நூலை, ஒரே எடையில், இரண்டு விதமாகப் பின்னினால் இரண்டும் வேறு வேறு துணி. ஒன்று இழுபடும், மற்றொன்று இழுபடாது. இதைச் சொல்லித்தான் கல்லூரியில் எங்களுக்கு முதல் வகுப்பே தொடங்கியது. மாத்திரையில் நான் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

விலை கட்டுப்படியாகவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

"முதல் நாளே கேக்கறவங்கதாம்மா அதிகம். நீங்க ஏன் கேக்கல?" என்றார்.

அவரிடம் நாமினேட்டட் என்றால் என்ன என்று விளக்கவில்லை. தோன்றவில்லை என்றேன்.

இந்தியக் கம்பெனி ஒன்று தயாரிக்கும் மாத்திரையை எழுதினார். அதே மருந்து, அதுவும் மெதுவாகக் கரைவதுதான், ஆனால் கரையும் முறை வேறு, எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்ளாது, ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். மருந்துக்கடையில் பில்லைக் கொடுத்தபோது இரண்டு முறை படித்தேன். பழையதில் மூன்றில் ஒரு பங்கு.

அந்த மாதம் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு மங்கியது என்று எழுதி வைத்தேன். சோறும் காபியும் பழையபடி. பழைய மாத்திரை முழுதாகச் சாப்பிட்டால் ஐந்தரை வரை வந்திருக்கிறது. புதியது நான்கு மணிக்கே போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் குறைவு. அந்த நேரத்தில் செய்வதற்கென்று தனியாகச் சில வேலைகளை ஒதுக்கினேன். கூரியர் கட்டுவது, சாம்பிள்களுக்கு டேக் மாட்டுவது, லைனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. எதையும் முடிவு செய்ய வேண்டிய மெயில் நான்கு மணிக்கு மேல் வந்தால் மறுநாள் காலை திறந்தேன். அவசரம் என்று எழுதியிருந்தால் மேலாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படிப்பார். அது அவருடைய பழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆலிவ் பச்சை ஆர்டர் ஒரு வாரம் தாமதமாகக் கப்பல் ஏறியது. மூன்று மாதம் கழித்து பணி உறுதிக் கடிதம் வந்தது. உயர்ந்த சம்பளத்தைப் பார்த்தபோது, இனி பழைய மாத்திரைக்கே போக முடியும் என்பது தெரிந்தது. உயர்வில் பெரும்பகுதி அதற்குப் போகும், அவ்வளவுதான். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மருத்துவரை அழைத்தேன்.

இரண்டு கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். புதியதிலேயே தொடரலாமா என்பது முதல் கேள்வி. நான்கு மணிக்கு மேல் சிரமம் இல்லையென்றால் தொடரலாம், சிரமம் என்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடாமல் இருந்தால் தவறா, அப்படி இருந்தால் ஒரு பெட்டி நாலைந்து நாள் கூடுதலாக வரும் என்பது இரண்டாவது. அன்று வண்டி ஓட்டுவீர்களா, வேலை பார்ப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். உங்களுக்கு அது பரவாயில்லை, விட்டுப் பாருங்கள், தொந்தரவு இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எந்த மெயிலையும் திறப்பதில்லை.